அவர் மார்பில் துள்ளிய மாவிளக்கு

சங்கரன்கோவில் கோமதி அம்மன் வாசலில் என்னோடு சேர்ந்து நிற்கிற அக்கா தங்கச்சிகளே, அண்ணாச்சிமாரே, எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பேசத்தான் வரும். அதிலும் என் வாய் நல்ல வாய் இல்லை என்று ஊரே சொல்லும். ஆனாலும் ஆத்தா எனக்குச் செய்ததைச் சொல்லாமல் அமுக்கி வைத்தால் என் நாக்கு அழுகிப்போகும். அதனால் சொல்கிறேன்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்திருந்த சமயம். எங்கள் ஊரில் சுடலைமாடனுக்குச் சித்திரைக் கொடைத் திருவிழா. மதிய வெயில் மண்டையைப் பிளந்தது. மேளக்காரர்கள் வெறி பிடித்தவர்கள் போல அடித்தார்கள். வெட்டின கிடாக்கள் பீடத்துக்கு முன்னால் கால் உதைத்துக் கிடந்தன. மண் ரத்தத்தில் நனைந்து பாதத்தில் ஒட்டியது. என் வீட்டுக்காரர் சங்கரபாண்டிதான் மாடனுக்குச் சாமியாடி. எங்கள் குல வழக்கப்படி சாமியாடி மாடனின் அரிவாளைத் தன் மார்பில் இழுத்து, வருகிற ரத்தத்தைப் பீடத்தில் பூசவேண்டும். அவர் இழுத்தார். பூசினார். திரும்பினார். அப்படியே கிடா ரத்தத்துக்குள் முகம் குப்புற விழுந்தார்.

பெண்கள் குலவை போட்டார்கள். "மாடன் மிதிச்சிட்டான்லே!" என்று ஆண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் ஓடிப்போய் அவரைப் புரட்டினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்தில் இரண்டு பக்கமும் நரம்பு, உள்ளே பாம்பு புகுந்தது மாதிரி துள்ளியது. என் மாமனாரும் இதே பீடத்துக்கு முன்னால், இதே மாதிரி ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் விழுந்து செத்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லையாம். மாடன் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று ஊர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நான் வாக்கப்பட்ட ஊர் கரிவலம்வந்தநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கரிசல் காட்டு ஊர். ஆட்டுமந்தையும் கொஞ்சம் மானாவாரி நிலமும் உள்ள குடும்பம். அந்தக் குடும்பத்தில் சிலர் மட்டும் பனை மாதிரி வளர்வார்கள். கை முழங்காலைத் தொடும். விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் நீளம். வயது ஏற ஏற அவர்களுக்குத் தலை தானாக ஆட ஆரம்பிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் லேசாக, விடாமல், ஆமாம் ஆமாம் என்பது மாதிரி ஆடும். அப்படி ஆடினால் மாடன் ஆளைத் தேர்ந்துகொண்டான் என்று அர்த்தம். என் மாமனாருக்கு ஆடியது. பிறகு இவருக்கு ஆடியது. இவருடைய அண்ணன் முத்துப்பாண்டிக்கு ஆடவில்லை. அவர் குட்டை, கட்டையான உடம்பு. தனக்கு வராத சாமியைத் தம்பி உடம்பில் வைத்துக் காப்பாற்றுவதுதான் அவருக்கு வாழ்க்கை. நான் அவரைப் பெரியத்தான் என்றுதான் கூப்பிடுவேன்.

கொடை முடிந்த பிறகு என் வீட்டுக்காரரால் ஆட்டுக்குப் பின்னால் நடக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டு நாய் மாதிரி இளைப்பார். அவர் படுத்திருக்கும் கயிற்றுக் கட்டிலே கிடுகிடு என்று ஆடும். "நெஞ்சுக்குள்ள எவனோ உலக்கைய வச்சு இடிக்கான் ஏட்டி" என்பார். நான் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். இடிதான். வெளியே வர வழி தேடி உள்ளே எதுவோ முட்டிக்கொண்டிருந்தது.

"சாமி ஒடம்ப விட்டு மலையேறல. அதான் ஆளப் போட்டு உலுக்குது" என்று பெரியத்தான் முடிவு கட்டினார். ஒருநாள் காலையில் தம்பியைக் கட்டிலில் இருந்து இழுத்து முற்றத்தில் நிறுத்தினார். மாடன் கோவில் சாட்டையை எடுத்தார். "இறங்குதியா இல்லையா? நான் சொல்லுதேன், இறங்கு!" என்று முதுகில் விளாசினார். அடி விழ விழ இவர் தலை இன்னும் வேகமாக ஆடியது. தலை ஆட ஆட, சாமி வம்பு பண்ணுகிறது என்று அவர் இன்னும் ஓங்கினார். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சாமியாடியல்லவா, அவரும் அதைத்தான் நம்பினார்.

நான் தொழுவத்தில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்தேன். முதுகெல்லாம் வரி வரியாகக் கிழிந்து ரத்தம் வேட்டியில் இறங்கியிருந்தது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. பாய்ந்து சாட்டையைப் பிடுங்கினேன். பெரியத்தான் தோளிலேயே ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தேன். "இன்னொரு அடி அவுக மேல விழுந்துச்சு, ஒங்கள வெட்டிப் பொதைச்சிருவேன்!" என்றேன். புருஷனின் அண்ணனைச் சாட்டையால் அடித்த பொம்பளையை எங்கள் ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் கையை வீசி என் வாயில் ஒன்று விட்டார். கீழுதடு பிளந்துபோனது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. வெற்றிலை போட்டால் எரியும்.

வாயில் ரத்தத்தோடு சங்கரன்கோவில் திசையைப் பார்த்துக் கத்தினேன். "ஏ ஆத்தா, ஒம் பேரத்தான எனக்கு வச்சாக? ஒம் பேர வச்சிக்கிட்டு ஒருத்தி இங்கன தாலியறுக்கப் போறா. நீ அங்கன பூவும் பட்டுமா நிக்க! வாரேன் இரு, ஒன்னய நேர்லயே கேக்கேன்." இதுதான் என்னுடைய பிரார்த்தனை. கண்ணை மூடிக்கொண்டு அழகாகக் கும்பிடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அப்படி வராது.

ஆடித் தபசுத் திருவிழா வந்தது. பஸ்ஸில் அவரைத் தாங்கிப் பிடித்து சங்கரன்கோவிலுக்குக் கூட்டிவந்தேன். பெரியத்தானும் கூடவே வந்தார். என்னோடு பேச்சு இல்லை. தம்பியை விட்டு அகலவும் மனசு இல்லை. உடம்பில் எந்த இடத்தில் நோவு இருக்கிறதோ அந்த இடத்தில் மாவிளக்கு ஏற்றுவதாக நேர்ந்துகொள்வது நமக்குத் தெரிந்த வழக்கம்தானே. வயிற்று வலிக்காரர்கள் வயிற்றில் ஏற்றுவார்கள். நான் அவரைப் பிரகாரத்தில் மல்லாக்கப் படுக்கவைத்தேன். மூச்சு முட்டியதால் தலைக்கும் முதுகுக்கும் துணிமூட்டையை அண்டக் கொடுத்தேன். நெஞ்சில் ஈரத்துணி, அதன்மேல் வாழையிலை, அதன்மேல் வெல்லமும் பச்சரிசி மாவும் இடித்துப் பிடித்த விளக்கு. நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றினேன்.

சுடர் நிற்கவில்லை. துள்ளியது. காற்றே இல்லாத இடத்தில், அக்கம்பக்கத்து விளக்கெல்லாம் அசையாமல் எரிய, அவர் நெஞ்சில் இருந்த விளக்கு மட்டும் இடிக்கு ஒரு குதி குதித்தது. நெய் தளும்பி வயிற்றில் வழிந்தது. மாவு விரிசல் விட்டு உடைந்தது. தீ ஈரத்துணியில் சரிந்து சீறியது. "ஆத்தாளும் மாடனும் சேந்து வந்துட்டாகடா!" என்று பெரியத்தான் அலறினார். சுற்றியிருந்த பெண்கள் குலவை போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வெந்துபோன நெஞ்சை உதறத் தெம்பில்லாமல் அவர் கிடந்தார். நான் என் வெறுங்கையால் அந்தத் தீயை அடித்து அணைத்தேன். "இதுக்கா ஒங்கிட்ட வந்தேன்? பாவி, அந்தச் சுடர ஒருவாட்டி நேரா நிக்க வைக்க ஒனக்குத் துப்பில்லையா?" என்று சந்நிதியைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினேன்.

அந்தக் கதறலுக்குத்தான் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். எனக்கு அடுத்து தன் மாமியாருக்கு விளக்கு வைக்க வரிசையில் நின்றவர். பாளையங்கோட்டையில் டாக்டர். முட்டி போட்டு உட்கார்ந்து என் வீட்டுக்காரர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். நகத்தை லேசாக அழுத்தினார். நகத்துக்கு அடியில் சிவப்பும் வெளுப்பும் மாறி மாறி அடித்ததை எனக்கும் காட்டினார்.

"சும்மா இருக்கும்போதும் தலை இப்படித்தான் ஆடுமாம்மா?"

"சோறு திங்கும்போதும் ஆடும் டாக்டரம்மா. மாடன் இருக்கானில்லா."

"மாடன் இருக்கட்டும். இந்த ஆட்டம் மாடன் இல்ல. இதயத்து வாசல்ல ஒரு கதவு சரியா மூடல. வெளிய தள்ளுன ரத்தம் திரும்ப உள்ள விழுது. அது அடிக்கிற அடியிலதான் தலை ஆடுது. நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

பெரியத்தான் அந்த அம்மாளை அடிக்கப் போய்விட்டார். கோவிலென்றும் பார்க்கவில்லை. நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். எனக்கு மட்டும் உச்சியில் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றியது போல இருந்தது. நான் சண்டைக்கு வந்தேன், ஆத்தா நான் கேட்கும் முன்னாலேயே ஆளை வரிசையில் நிறுத்தி வைத்திருந்தாள்.

பாளையங்கோட்டையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சுக்குள் பெரிய ரத்தக் குழாய் மாங்காய் போல வீங்கியிருந்தது. மெட்ராஸுக்குப் போகச் சொன்னார்கள். மந்தையில் நல்ல ஆடுகளை ஓட்டி விற்றுவிட்டு, மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு ரயில் ஏறினோம். அங்கே எக்கோ என்றார்கள், தொடையில் கம்பி விட்டு மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"இதயத்துல இருந்து கிளம்புற பெரிய குழாய் வீங்கிப் போச்சு. வீங்கினதுல அதோட வாசல்ல இருக்கிற வால்வு விரிஞ்சு ஒழுகுது."

"சைக்கிள் டியூபுல ஒரு எடம் மட்டும் பொடைச்சிக்கிட்டு நிக்குமே, அப்படியா சார்?" என்றார் இவர்.

"அதேதான். அது என்னைக்கு வேணாலும் வெடிக்கும். உங்க அப்பா எப்படி இறந்தார்?"

இவர் சொன்னார். டாக்டர் படத்தை எடுத்து மறுபடி பார்த்தார். "அவருக்கும் இதுதான் வெடிச்சிருக்கும்" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தை அப்போது பார்க்க முடியவில்லை. அப்பாவை மாடன் கொண்டுபோனான் என்று நம்பி வளர்ந்தவர்.

டாக்டர் வழிகளைச் சொன்னார். ஒன்று, கத்தியே வைக்காமல் மாத்திரையில் ரத்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு கிடப்பது. அப்படிக் கிடந்தால் அடுத்த கொடையைப் பார்ப்பது நிச்சயமில்லை. இன்னொன்று, ஒழுகுகிற வால்வை மட்டும் மாற்றிவிட்டு, வீங்கின குழாயைச் சுற்றித் துணி போட்டு இறுக்கித் தைத்துவிடுவது. கொஞ்சம் சின்ன ஆபரேஷன். ஆனால் இவரை மாதிரி நெட்டையும் நீள விரலுமான உடம்புவாகு உள்ளவர்களுக்குக் குழாயின் சுவரே பலவீனம், மறுபடியும் வீங்கும், கிழியும். கடைசி வழி, வீங்கின குழாயையும் வால்வையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, நெய்த துணியால் ஆன குழாயை வால்வோடு வைத்துத் தைப்பது. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற இரண்டு சின்னக் குழாய்களை அந்தத் துணியில் ஓட்டை போட்டு ஒட்டவைக்கவேண்டும். அதுவரை இதயத்தை நிறுத்தி மெஷினில் ஓட்டவேண்டும். ரொம்பப் பெரிய ஆபரேஷன், தையல் வழியே ரத்தம் கொட்டும், மேசையிலேயே உயிர் போகலாம். பிழைத்துவிட்டால் நல்லபடியாக நடமாடலாம்.

வால்விலும் இரண்டு வகை இருந்தது. இரும்பு வால்வு வைத்தால் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடவேண்டும், உடம்பில் சின்ன வெட்டுப் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது. பன்றியின் வால்வு வைத்தால் அந்த மாத்திரை தேவைப்படாது. ஆனால் சில வருஷத்தில் தேய்ந்துபோகும். மறுபடியும் நெஞ்சைப் பிளக்கவேண்டும்.

"இரும்பு வால்வ வச்சிக்கிட்டு, கொடையில அரிவாளால நெஞ்சக் கீறலாமா சார்?" என்று கேட்டார் இவர்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தார். "சவரம் பண்ணும்போதே ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்லிட்டிருக்கேன்."

"அப்ப எனக்கு ரெண்டாவது வழி போதும். பன்னி வால்வே வையுங்க. மாடனுக்கு என் ரத்தம் இல்லாம ஆகாது."

வார்டுக்கு வந்ததும் கையில் இருந்த எவர்சில்வர் தம்ளரைச் சுவரில் அடித்தேன். நசுங்கி உருண்டது. "சாவுததுக்கா என் ஆட்டையெல்லாம் வித்துட்டு இம்புட்டுத் தூரம் வந்தேன்? நெஞ்சுக்குள்ள பன்னிய வச்சிக்கிட்டுப் போய் மாடன் முன்னால நில்லுங்க. படையலு வந்துட்டுன்னு ஒங்களையே வெட்டச் சொல்லுவான்!" பக்கத்துக் கட்டில் நோயாளிகூடச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். அந்த முதுகில் சாட்டை வரிகள் ஆறி வெளுத்திருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. இந்த மனுஷன் எனக்கு வேண்டும். அவ்வளவுதான். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இரும்பு வால்வு பேச்சு எப்படியோ ஊருக்கு எட்டிவிட்டது. மெட்ராஸில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் வாய் சும்மா இருக்கவில்லை. பெரியத்தான் சொந்தக்காரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டார். நேரே வார்டு வராந்தாவுக்கு வந்து தம்பி கையைப் பிடித்து இழுத்தார். "எந்திலே, ஊருக்குப் போவோம். மாடனுக்குச் சேரவேண்டிய ரத்தத்தப் பட்டணத்துல கொட்டவா ஒன்னய வளத்தேன்?"

நான் குறுக்கே விழுந்தேன். என் முடியைப் பிடித்துத் தள்ளினார். நான் அவர் முன்கையைக் கடித்தேன். சதை பல்லில் வரும் மட்டும் விடவில்லை. நர்சுகள் கத்தினார்கள், காவலாள் ஓடிவந்தார், மருந்துத் தட்டு கவிழ்ந்து கண்ணாடி நொறுங்கியது. அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் ஒரு சத்தம் போட்டார். அதை இன்னும் நான் மறக்கவில்லை. கழுத்தறுபட்ட கிடாவின் சத்தம். "முதுகுக்குள்ள யாரோ கிழிக்கான் ஏட்டி" என்று சொல்லி வளைந்து விழுந்தார். தலை வெட்டி வெட்டி இழுத்தது.

கூட வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "மாடா!" என்று கையெடுத்துக் கும்பிட்டு நின்றார்கள்.

"கும்பிடாதிய! தூக்குங்க! மூதேவிகளா, அந்த மனுசனத் தூக்குங்க!" என்று கத்தினேன். பெரியத்தான்தான் முதலில் குனிந்தார். நான் கடித்த கையில் ரத்தம் வடிய வடியத் தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினார். பெரிய டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். குழாயின் உள்சுவர் கிழிந்துவிட்டது. இனி யோசிக்க நேரமில்லை, கடைசி வழி ஒன்றுதான் வழி. உடனே ரத்தம் வேண்டும், நிறைய வேண்டும்.

"என்ன வால்வும்மா?" என்றார்.

"இரும்பே வையுங்க. மாடன் வந்தா நான் பேசிக்கிடுதேன்" என்றேன்.

கதவை மூடிவிட்டார்கள். வராந்தாவில் மருந்து வாடைக்கு நடுவில் உட்கார்ந்தேன். முந்தானையில் ஆத்தா கோவில் புற்றுமண் முடிந்து வைத்திருந்தேன். அவிழ்த்து நெற்றியில் அப்பினேன், வாயில் போட்டு மென்றேன். தரையில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டு வாய்விட்டுக் கேட்டேன். "ஆத்தா, சங்கரனும் நாராயணனும் ஒரே ஒடம்பா நிக்கத நீ பாக்கணும்னுதான ஒத்தக் கால்ல தபசு நின்ன? ஒனக்குக் கெடைச்சிட்டு. எனக்கு ரெண்டு பேரு இருக்காக, அண்ணனும் தம்பியும். ஒருத்தன் இழுத்து ஒருத்தன் சாவுதான். இவுக ரெண்டு பேரையும் ஒண்ணாக்கு. எம் புருசன எனக்குக் குடு. கேட்டுட்டேன். இனி ஒம் பாடு."

தலை நிமிர்ந்தால் பெரியத்தான் பின்னால் நிற்கிறார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. நேரே ரத்தம் எடுக்கும் அறைக்குள் போனார். பரிசோதித்ததில் தம்பியின் ரத்தமும் அவர் ரத்தமும் ஒரே இனம். வந்தவர்களில் ரத்தம் சேருகிறவர்கள் எல்லாரும் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கொடையில் வரிசையாகக் கிடா வெட்டுகிற கை, ஊசியைப் பார்த்ததும் பின்னால் ஒளிந்துகொண்டது. பெரியத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு "மாடா, மாடா" என்று முனகினார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஆத்தா மன்னிக்கட்டும்.

நெஞ்செலும்பை ரம்பத்தால் அறுத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். அவர் இதயம் நிற்க, மெஷின் ஓடியது. கிழிந்த குழாயை வெட்டி எறிந்துவிட்டுத் துணிக்குழாயைத் தைத்தார்கள். பொழுது சாய வெளியே கொண்டுவந்தார்கள். அப்பாடா என்று உட்காரக்கூட விடவில்லை. நெஞ்சில் வைத்த குழாய் வழியாக ரத்தம் கொட்டுகிறது என்று மறுபடியும் உள்ளே கொண்டுபோய்த் தையலைப் பிரித்தார்கள். மறுபடியும் ரத்தம் கேட்டார்கள். பெரியத்தான் சட்டையைச் சுருட்டிக்கொண்டு முதலில் போய் நின்றார். ஏற்கெனவே கொடுத்தவரிடம் எடுக்கமாட்டோம் என்றார்கள். ரத்தம் எடுக்கிறவரின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாய்த்துவிட்டார். "எடுக்கியா இல்லையா? உள்ள கெடக்கது எந் தம்பிவே!" நான்தான் போய்ப் பிரித்து விட்டேன். கூட வந்தவர்களின் ரத்தமும், இருப்பில் இருந்த யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் ரத்தமும் என் வீட்டுக்காரருக்குள் போனது. வராந்தாவுக்கு வந்து தரையில் உட்கார்ந்த பெரியத்தான் சின்னப்பிள்ளை போல விம்மினார். "நான் அடிச்ச அடியில அன்னைக்கே செத்திருப்பானே கோமதி" என்றார். நான் அவரை ஏசவில்லை. முந்தானையில் மிச்சம் இருந்த புற்றுமண்ணை அவர் நெற்றியிலும் பூசினேன்.

விடிந்த பிறகு ரத்தம் நின்றது. சில நாட்களில் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்க்கவிட்டார்கள். தலையணையில் அவர் தலை இருந்தது. ஆடவில்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆனதில் இருந்து அந்தத் தலை அசையாமல் நான் பார்த்ததே இல்லை. செத்துவிட்டாரோ என்று கண்ணாடியில் முட்டிக்கொண்டேன். நர்ஸ் உள்ளே கூட்டிக்கொண்டு போய் அவர் நெஞ்சுப் பக்கம் என் காதை வைக்கச் சொன்னார். பழைய உலக்கை இடி இல்லை. கடிகாரம் மாதிரி டிக், டிக் என்று இரும்பு வால்வு மூடித் திறந்தது.

அடுத்த சித்திரைக் கொடை வந்தது. ஊருக்கு வயிறு பற்றி எரிந்தது. மேளம் முழங்குகிறது, கிடாக்கள் விழுகின்றன, அரிவாளைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள், என் வீட்டுக்காரர் கைகட்டி நிற்கிறார். தலை ஆடவில்லை. "பொம்பள பேச்சக் கேட்டு மாடன வெட்டிப் போட்டுட்டு வந்திருக்கான்" என்று கூட்டத்தில் ஒருவன் கூவினான். பெரியத்தான் அவனை ஒரே அறையில் மண்ணில் சாய்த்தார். அரிவாளைப் பிடுங்கினார். இனி என்ன ஆகுமோ என்று நான் என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றுகொண்டேன். பெரியத்தான் அரிவாளைத் தலைக்குமேல் சுழற்றினார். ஓங்கிப் பீடத்துக்கு முன்னால் மண்ணில் பிடிவரைக்கும் இறக்கினார்.

"இந்த வீட்டு ரத்தம் அம்புட்டையும் மாடன் மெட்ராஸ்லயே குடிச்சிட்டான். நான் குடுத்தேன், என் கையால குடுத்தேன். இனி எந் தம்பி ஒடம்புல கீறல் விழணும்னா எவன் வேணாலும் வாங்கலே, மொதல்ல என்னய வெட்டுங்க!"

ஒருவரும் வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் கோவிலில் சாமியாடி நெஞ்சைக் கீறுவது இல்லை.

அந்த வருஷம் ஆடித் தபசுக்கு நாங்கள் மூன்று பேரும் சங்கரன்கோவிலுக்கு வந்தோம். அதே பிரகாரம். அவரைப் படுக்கவைத்தேன். இப்போது மூச்சு முட்டவில்லை, தலைக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நெஞ்சின் நடுவே கயிறு போல நீளத் தழும்பு. ஈரத்துணி, வாழையிலை, மாவிளக்கு. திரியில் தீயை வைத்துவிட்டுக் கையை எடுக்கப் பயந்துகொண்டு அப்படியே இருந்தேன். காற்று அடித்துவிடக்கூடாது என்று பெரியத்தான் தன் இரண்டு கையையும் விளக்கைச் சுற்றி அணை கட்டினார். நான் கடித்த தழும்பு அந்தக் கையில் தெரிந்தது.

சுடர் துள்ளவில்லை. மற்ற விளக்குகளோடு சேர்ந்து நேராக நின்று எரிந்தது. போன வருஷம் நான் ஏசிக்கேட்டதை ஆத்தா அப்படியே செய்துகாட்டியிருந்தாள். வாய்க்காரி நான், அன்றைக்குக் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

"பாத்தியா ஏட்டி" என்றார் பெரியத்தான், கையை எடுக்காமலே. "என் ரத்தம் உள்ள போன பெறவுதான் பய அடங்கியிருக்கான்."

படுத்திருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது மட்டும் சுடர் லேசாக ஆடியது.

ஆத்தாளிடம் கேளுங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது அதுதான். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டால் சண்டை போட்டாவது கேளுங்கள், அவள் கோவித்துக்கொள்ள மாட்டாள். அவள் அனுப்புகிற ஆள் உங்கள் பக்கத்து வரிசையிலேயே நிற்பார், திரும்பிப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது சாமி வந்தால் விழுந்து கும்பிடுங்கள். சாமி மலையேறின பிறகும் தலை ஆடினால் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். இது பரம்பரையாக வருகிற உடம்புவாகு என்பதால் எங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டோம், அவளுக்கு ஒன்றும் இல்லை. இவர் மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார், இப்போது மந்தைக்கும் போகிறார். படுத்தால் பக்கத்தில் எனக்கு டிக், டிக் என்று கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.